கரிசல் நாட்டில் கார்ப் பூச்சு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஓடும் கார்களின் கதவுகளில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். பெரும்பாலும் அவை இன்னொரு வண்டி உரசியதால் வந்தவை அல்ல, முள் கிழித்தவை. திருச்சுழியிலிருந்து நரிக்குடிப் பக்கம் போகும் கிராமச் சாலைகளிலும் கண்மாய்க் கரைப் பாதைகளிலும் சீமைக் கருவேலம் இரு புறமும் சாய்ந்து நிற்கிறது. எதிரே வரும் டிராக்டருக்கு வழிவிட்டு ஒதுங்கும் கார், முன் மட்கார்டிலிருந்து பின் கதவு வரை நாலைந்து கோடுகளை வாங்கிக்கொண்டுதான் மறுபடி சாலையில் ஏறும். அமெரிக்கக் கண்டத்து மரமான இது 1870-களின் இறுதியில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. விறகுக்கும் வேலிக்கும் உதவியது. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கவும் உதவியது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. வெட்டிய மரம் ஒரு மழைக்குத் தூரிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும் என்பதால் சாலையோரத்து முள் தீர்ந்தபாடில்லை.

முள்ளோடு இன்னும் மூன்று விஷயங்கள் இந்த வட்டாரத்துப் பெயிண்ட் வேலையைத் தீர்மானித்திருக்கின்றன. அவை புழுதி, வெயில், உப்புத் தண்ணீர். 1910-இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியாக இருந்து, 1985-இல் அது மூன்றாகப் பிரிந்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்த நிலம் இது. ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மற்ற மாதங்களில் குண்டாறு மணலாகக் கிடக்கும். கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும் இந்தப் பூமியில், காய்ந்த கரிசல் மாவு போலப் பறக்கும். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் தூளும் லாரிகளோடு சேர்ந்து சாலைக்கு வருகிறது. பூச்சு ஈரமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை இந்தத் தூசியிடமிருந்து காப்பாற்றுவதுதான் இங்குள்ள பெயிண்டருக்கு முதல் வேலை.

மோட்டார் வருவதற்கு முன்பே வண்டிக்குப் பூச்சு உண்டு. வில்வண்டியின் கூண்டுக்கும் ஏர்க்காலுக்கும் எண்ணெயில் குழைத்த வண்ணம் பூசினார்கள். வெயிலில் மரம் வெடிக்காமல் இருக்கவும், வண்டி பார்வையாக இருக்கவும் அது தேவைப்பட்டது. நகரங்களில் ஓடிய குதிரைச் சாரட்டுகளுக்கு இதைவிட நுணுக்கமான முறை இருந்தது. ஆளிவிதை எண்ணெயில் ஈயச் செந்தூரத்தைக் கலந்து அடிப்பூச்சு போடுவார்கள். அது காய்ந்ததும் மேடுபள்ளத்தை நிரப்பி, நுரைக்கல்லும் தண்ணீரும் கொண்டு தேய்ப்பார்கள். பிறகு வண்ணம், அதன்மேல் வண்ணம், கடைசியாக வார்னிஷ். எண்ணெய்ப் பூச்சு காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல உறிஞ்சித்தான் இறுகும். ஆகவே ஒரு கை பூசிவிட்டு அடுத்த கைக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கார்ப் பூச்சு இந்தச் சாரட்டுப் பட்டறைகளிலிருந்துதான் தொடங்கியது. சென்னையில் 1840-இல் சாரட்டு கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன், 1903-இல் நீராவியில் ஓடும் ஒரு காரைக் கட்டி நகர வீதிகளில் ஓட்டிக் காட்டியது. அந்தக் காலத்துக் கார் உடம்பு பெரும்பாலும் மரச்சட்டமும் அதன்மேல் அடித்த தகடும்தான். பூச்சும் சாரட்டுப் பூச்சுதான். ஒரு காருக்கு முழுமையாகப் பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. ஃபோர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை தன் மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். சூட்டடுப்பில் வைத்து விரைவாக இறுக்கக்கூடிய கறுப்பு வார்னிஷ் அன்றைக்கு மலிவாகவும் உறுதியாகவும் கிடைத்தது.

தென் மாவட்டங்களுக்கு மோட்டார் முதலில் பேருந்தாகவே வந்தது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் மதுரை அந்தத் தொழிலின் தலைமையிடமாயிற்று. வண்டி ஓட்டுவதோடு நிற்காமல் பழுதுபார்ப்பு, உதிரி பாகம், பாடி கட்டுதல் என்று அது விரிந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து ஸ்ரீ ஜெயவிலாஸ் பேருந்துகள் ஓடின. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுவில் பேருந்து ஓட்டும் கருவியைத் தயாரித்தது. இந்த வட்டாரத்தில் டிங்கர் வேலையும் பெயிண்ட் வேலையும் வேரூன்றியதில் பேருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. கார் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில், ஒரு பட்டறையைத் தொடர்ந்து நடத்தும் அளவுக்கு வேலை கொடுத்தவை பேருந்துகளும் லாரிகளும்தான். தகுதிச் சான்று வாங்கும் காலம் நெருங்கினால் வண்டியை நிறுத்தி ஒடுக்கு எடுத்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்துத்தான் ஆய்வாளர் முன் கொண்டுபோவார்கள். ‘எஃப்.சி. வேலை’ என்று இன்றும் பட்டறைகள் சொல்வது இதைத்தான்.

உலக அளவில் பெரிய மாற்றம் 1920-களில் நடந்தது. அந்த மாற்றத்தின் மூலப்பொருள் பருத்தி. பருத்தி நாரை அமிலத்தில் நனைத்தால் கிடைக்கும் நைட்ரோ செல்லுலோஸ், முதல் உலகப்போரில் வெடிமருந்தாகப் பயன்பட்டது. அதைக் கரைசலாக்கிப் பூசலாம் என்பது முன்பே தெரியும். ஆனால் கரைசல் பாகு போலக் கெட்டியாக இருந்ததால், நீர்க்கவைத்துப் பூசினால் பூச்சு மிக மெல்லியதாகப் போயிற்று. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலாளர்கள் 1920-களின் தொடக்கத்தில் அந்தக் கெட்டித்தன்மையைக் குறைக்க வழி கண்டார்கள். அதனால் ஒரே பூச்சில் அதிக வண்ணத்தை ஏற்ற முடிந்தது. அதுதான் டக்கோ. 1924-ஆம் ஆண்டு மாடலாக ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட ஓக்லாண்டு கார் நீல நிற டக்கோ பூச்சோடு வந்தது. வாரக்கணக்கு வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது.

நைட்ரோ செல்லுலோஸுக்கு வேண்டியது நெசவுக்குப் போகும் நீண்ட இழை அல்ல. விதையில் ஒட்டிக்கொண்டு எஞ்சும் குட்டை நாரே போதும். கோவில்பட்டியில் 1901-இல் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கும் அளவுக்குப் பருத்திக்குப் பேர்போன கரிசல் பூமி இது. இந்தப் பூமியின் ஊர்களில் கார்மேல் பளபளத்த பூச்சும் அடிப்படையில் பருத்திதான் என்பதைப் பூசியவர்களில் அதிகம் பேர் அறிந்திருக்கமாட்டார்கள்.

டக்கோவைத் தூரிகையால் பூச முடியாது. தூரிகை அடுத்த இழுப்புக்குத் திரும்புவதற்குள் முந்தைய இழுப்பு காய்ந்துவிடும். ஆகவே ஸ்பிரே கன் கட்டாயமாயிற்று. ஓஹையோவில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் தொண்டைக்கு மருந்து பீச்ச ஒரு கருவி செய்திருந்தார். அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தில் 1907-இல் பெயிண்ட் பீச்சும் கன் செய்தார். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரை 3எம் நிறுவனம் 1921-இல் கொண்டுவந்தது. உலர்தேய்ப்பில் எழுந்த ஈயத் தூசியை அது அடக்கியது. இரட்டை நிறக் கார்கள் நாகரிகமான காலத்தில், இரு நிறமும் சேரும் கோட்டை நேராகப் பிரிக்க வழியில்லாமல் பெயிண்டர்கள் அவதிப்படுவதைப் பார்த்த ரிச்சர்டு ட்ரூ, அதே நிறுவனத்தில் இருந்துகொண்டு 1925-இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். இன்று அருப்புக்கோட்டைப் பட்டறையில் ஒரு பையன் பழைய தினத்தாளை டேப் வைத்துக் கண்ணாடியில் ஒட்டும் வேலையின் வயது நூறு ஆண்டு.

டக்கோவுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அது வெறுமனே தின்னர் ஆவியாவதால் காய்வது. மறுபடி தின்னர் பட்டால் கரையும். அதனால் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் தேய்த்து, மேலே பீச்சினால் புதுப்பூச்சு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். ஒட்டுப்போட்ட விளிம்பு தெரியாது. வெளுத்துப்போனாலும் காம்பவுண்டு வைத்துத் தேய்த்தால் மினுக்கம் திரும்பும். அடுத்து வந்த அல்கைடு எனாமல் அப்படியல்ல. எண்ணெயும் பிசினும் வேதிமுறையில் பிணைந்து இறுகும் அது, ஒருமுறை காய்ந்தால் முழுதாகக் கரைவதில்லை. ஆனால் மலிவு. ஒரே பூச்சில் நன்றாக மூடும். பாலிஷ் இல்லாமலே பளபளக்கும். பேருந்துக்கும் லாரிக்கும் எனாமலும் வசதிக்காரர் காருக்கு டக்கோவும் என்று பட்டறைகளில் ஒரு பிரிவினை ஏற்பட்டது இதனால்தான்.

இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சேராது என்பதுதான் சிக்கல். எனாமல் மேல் டக்கோ தின்னர் பட்டால் பழைய பூச்சு சுருங்கி எழும்பிவிடும். ஒரு கதவில் சின்னக் கீறலைச் சரிசெய்யப் போய்க் கதவு முழுவதையும் சுரண்ட வேண்டிய நிலை வரும். ஆகவே அனுபவமுள்ள மேஸ்திரி கன்னை எடுப்பதற்கு முன், கதவின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பார்ப்பார். துணியில் நிறம் ஏறினால் டக்கோ. பூச்சு சுருண்டால் எனாமல். ஒன்றுமே நடக்காவிட்டால் அது கம்பெனியில் சூட்டடுப்பில் வெந்த பூச்சு, அல்லது இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பிற்காலப் பூச்சு. காகிதமோ கருவியோ தேவைப்படாத இந்தச் சோதனை இந்தத் தொழிலின் மிக நல்ல அறிவுகளில் ஒன்று.

விடுதலைக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் இங்கு வந்த கார்களை எளிதில் அடக்கிவிடலாம். 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை தயாரான அம்பாசடர், பின்னாளில் பிரிமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கிராமத்தார் பிளஷர் என்று சொன்ன இந்தக் கார்கள் கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடின. ஒரு கார் கைமாறிக் கைமாறி இருபது, முப்பது ஆண்டு உழைத்தது. அத்தனை காலத்தில் பலமுறை முழுப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கும். பழைய அம்பாசடர் ஒன்றின் கீறலை ஓரங்களில் சரிவாகத் தேய்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்கள் போல அடுக்கடுக்காக நிறங்கள் தெரியும். அந்த அடுக்குகளில் எது டக்கோ, எது எனாமல் என்று தெரியாமல் மேலே பூசுவது ஆபத்து.

தகடு தடித்த அந்தக் கார்களில் ஒடுக்கு எடுப்பது தனிக் கலை. டிங்கர் உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டியை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, வெளியே சுத்தியால் தட்டித் தட்டித் தகட்டைப் பழைய வளைவுக்குக் கொண்டுவருவார். தட்டும்போது தகடு நீண்டுவிட்டால், அந்த இடத்தைக் கேஸில் சிவக்கச் சூடாக்கி, ஈரத்துணி வைத்துச் சட்டென்று ஆற்றிச் சுருக்குவார். மீதியுள்ள சிறு பள்ளத்தை மேலை நாடுகளில் ஒரு காலத்தில் உருக்கிய ஈயத்தால் நிரப்பினார்கள். 1950-களுக்குப் பின் பாலியெஸ்டர் பட்டி அந்த இடத்தைப் பிடித்தது. டிங்கர் நன்றாகத் தட்டியிருந்தால் பட்டி மெலிதாகப் போதும். தட்டத் தெரியாதவர் பட்டியை அப்பி மறைப்பார். ஓரிரு ஆண்டு வெயிலிலும் குலுக்கலிலும் அது வெடித்து, பூச்சோடு சில்லாகக் கழன்று விழும். இன்றும் நல்ல பட்டறையையும் மோசமான பட்டறையையும் பிரித்துக் காட்டுவது பட்டியின் கனம்தான்.

இங்குள்ள பருவத்துக்கு ஏற்ப வேலை மாறுவதைப் புரிந்துகொள்ளத் தின்னரைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கன்னிலிருந்து கிளம்பும் துளி தகட்டைச் சேரும்போது இன்னும் ஈரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்துத் துளியோடு உருகிச் சேர்ந்து சமதளமாகும். சித்திரை வெயிலில், 40 டிகிரியை எட்டும் நண்பகலில், துளி பாதி வழியிலேயே காய்ந்து தூளாகத்தான் தகட்டில் போய் உட்காரும். தடவினால் மணல்போல் சொரசொரக்கும். இதற்கு மெதுவாக ஆவியாகும் தின்னர் வேண்டும். அதோடு விடியற்காலையே வேலையை முடித்துவிட வேண்டும். ஆடிமாதக் காற்று கிளம்பிவிட்டால் திறந்த ஷெட்டில் கன் பிடிப்பது வீண். தரையில் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் தார்ப்பாயோ பழைய சேலையோ கட்டி, காற்று ஓயும் நேரம் பார்த்துப் பூசுவார்கள். தென்னங்கீற்றுக் கொட்டகையில் பூசினால் மேலிருந்து துரும்பு விழும் என்பதால் கூரைக்கு அடியில் ஒரு துணியும் கட்டுவது உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை வேறு மாதிரி. தின்னர் ஆவியாகும்போது தகட்டிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். ஈரக்காற்றில் தகடு குளிர்ந்ததும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளி படியும். காயும் டக்கோவுக்குள் அந்த ஈரம் சிக்கினால், கறுப்புக் கார்கூடச் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துவிடும். வெயில் ஏறும்வரை காத்திருப்பது, தாமதத் தின்னர் கலப்பது, வெளுத்த இடத்தில் வெறும் தின்னரை மெல்லப் பீச்சி மறுபடி கரைத்து உலரவிடுவது ஆகியவை இதற்கு வைத்தியம். ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் ஊர் என்பதால் இந்தத் தொல்லை இங்குக் குறுகிய காலத்துக்குத்தான். கடற்கரை ஊர்ப் பெயிண்டர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை.

தண்ணீர் விஷயம் எல்லாவற்றையும்விட நுட்பமானது. பட்டி தேய்க்கவும் பிரைமர் தேய்க்கவும் வாட்டர் பேப்பரோடு வாளி வாளியாகத் தண்ணீர் போகும். வட்டாரத்தில் பல போர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். அதில் தேய்த்துவிட்டு அப்படியே உலரவிட்டால் உப்பு மெல்லிய படலமாகத் தகட்டில் நின்றுவிடும். மேலே பூசும்போது ஒன்றும் தெரியாது. பூச்சு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். அடியில் இருக்கும் உப்பு அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். சில மாதங்கள் கழித்து, அதுவும் ஒரு மழைக்காலம் கடந்த பின், பானெட்டிலும் கூரையிலும் கடுகளவு கொப்புளங்கள் எழும். வாடிக்கையாளர் பெயிண்டைக் குறை சொல்வார், பெயிண்டர் கடைக்காரரைக் குறை சொல்வார். தவறு தேய்த்த தண்ணீரில் இருக்கும். கடைசித் தேய்ப்புக்குப் பின் நல்ல தண்ணீரில் கழுவி, காற்றடித்து ஓரங்களையும் உலர்த்தி, பிறகு தின்னர்த் துணியால் துடைப்பவர்களின் வேலையில் இந்தக் கொப்புளம் வருவதில்லை. குடிக்கவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஊர்களில் காருக்கு நல்ல தண்ணீர் செலவழிக்க மனம் வராததும் புரிந்துகொள்ளக்கூடியதே.

இந்தப் பூமியில் வெள்ளைக் கார் அதிகம் கண்ணில் படுவதற்கு வெயிலும் ஒரு காரணம். வெள்ளை சூட்டைத் திருப்பியடிக்கும். புழுதி படிந்தாலும் கறுப்பில் தெரியும் அளவு தெரியாது. சிவப்பு, மெரூன் போன்ற நிறங்களுக்கு முன்பு பயன்பட்ட நிறமிகள் சில ஆண்டு வெயிலில் வெளுத்துவிடும். வெள்ளைக்கு நிறம் கொடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு அப்படி வெளுப்பதில்லை. தென்கோடிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட்டிலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது. அதற்காக 1946-இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் தொடங்கப்பட்டது. கீறலைச் சரிசெய்பவருக்கும் வெள்ளையே எளிது. இந்த வெள்ளைக்கும் அந்த வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, மற்ற நிறங்களில் கண்ணை உறுத்தும் அளவுக்கு உறுத்தாது. ஆனாலும் ஒரு சொட்டு மஞ்சளோ கறுப்போ சேர்க்காமல் பழைய வெள்ளையோடு புதுவெள்ளை பொருந்துவதில்லை.

1983 டிசம்பர் 14-இல் மாருதி 800 வெளிவந்ததோடு கார்ப் பூச்சின் இரண்டாவது பெரிய மாற்றம் தொடங்கியது. 1990-களில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் மறைமலை நகரில் ஃபோர்டும் ஆலை அமைத்த பின் அது முழுமையடைந்தது. இந்தக் காலத்துக் காரின் வெற்று உடம்பு முதலில் பாஸ்பேட் கரைசலில் குளிக்கிறது. பிறகு மின்சாரம் பாயும் பெயிண்ட் தொட்டியில் மூழ்கி எழுகிறது. 1960-களில் ஃபோர்டு நிறுவனம் புகுத்திய முறை இது. கை எட்டாத இடுக்கிலும் பெயிண்ட் ஒட்டிக்கொள்வதால் துரு வெகுவாகக் குறைந்தது. அதன்மேல் பிரைமர், அடுத்து நிறம் மட்டும் கொண்ட பேஸ் கோட், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தால் சுமார் 100 முதல் 120 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பளபளப்பு முழுக்க மேலே உள்ள கிளியரில் இருக்கிறது. நிறம் அதற்கு அடியில் இருக்கிறது.

இதனால் கீறலைப் படிக்கும் முறையே மாறிற்று. அந்த இடத்தைக் கழுவி, விரலால் தண்ணீர் தடவினால் கோடு மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மறைந்தால் காயம் கிளியரோடு நின்றுவிட்டது. 2000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் மெல்லத் தேய்த்து, காம்பவுண்டும் பாலிஷும் போட்டால் போய்விடும். கருவேல முள் போட்ட கோடுகளில் கணிசமானவை இந்த வகைதான், பெயிண்டே தேவைப்படாது. நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது தட்டினால் ஆழம் அதிகம். கோட்டின் அடியில் சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர். தகடு மின்னினால் தாமதிக்கக் கூடாது. கிளியரைத் தேய்ப்பதிலும் எல்லை உண்டு. இருப்பது 40 மைக்ரான் அளவுதான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். ஒவ்வொரு பண்டிகைக்கும் மெஷின் பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தால் கிளியர் மெலிந்து, கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கும்.

ஆழமான கீறலுக்குப் பட்டறையில் நடக்கும் வேலை இப்படிப் போகிறது. கோட்டின் இரு ஓரத்தையும் 180-ஆம் நம்பர் பேப்பரில் சரிவாகத் தேய்த்து, விரலுக்குப் படி தட்டாதபடி ஆக்குவார்கள். தகடு தெரிந்த இடத்தில் துருவைத் தடுக்கும் எப்பாக்ஸி பிரைமர். பள்ளம் இருந்தால் பட்டி. அதோடு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் ஹார்டனர். வெயில் காலத்தில் ஹார்டனரைக் குறைக்காவிட்டால் தகட்டுப் பலகையிலேயே பட்டி இறுகிவிடும். கட்டையில் பேப்பரைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தபின், பெயிண்டர் கண்ணை நம்பாமல் கையை நம்புவார். ஒரு மெல்லிய துணியை விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கதவின் நீளத்துக்கு மெதுவாக ஓட்டுவார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும். பிறகு பிரைமர், 800-ஆம் நம்பர் தேய்ப்பு, பேஸ் கோட் இரண்டு மூன்று கை, கிளியர் இரண்டு கை. பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் 60 டிகிரிச் சூட்டு அறையில் அரை மணி நேரம் வைப்பார்கள். சிறு பட்டறையில் அந்த வேலையை வெயில் செய்கிறது. பூசியவுடன் வெயிலுக்குத் தள்ளினால் மேல்தோல் முதலில் இறுகி, அடியில் சிக்கிய தின்னர் வெடித்துக் குண்டூசித் துளைகள் போடும் என்பதால் முதலில் நிழலில் கொஞ்ச நேரம் நிறுத்துவது வழக்கம்.

மெட்டாலிக் நிறங்கள் வந்ததும் பழைய மேஸ்திரிகள் பலருக்குப் பெரிய சோதனையாயிற்று. அந்த நிறத்துக்குள் இருக்கும் நுண்ணிய அலுமினியச் செதில்கள் எப்படிப் படுக்கின்றனவோ அப்படித்தான் நிறம் தெரியும். ஈரமாகப் பூசினால் செதில் உள்ளே அமிழ்ந்து நிறம் இருளும். உலர்வாகப் பூசினால் மேலே மிதந்து வெளுக்கும். டப்பாவில் நிறம் சரியாக இருந்தாலும் கன்னின் தூரத்தாலும் காற்றழுத்தத்தாலும் ஷேடு மாறிவிடும். காரிலேயே ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டைப் பார்த்து, கடையில் கிராம் கணக்கில் கலந்து வாங்கினாலும், ஐந்து ஆண்டு வெயிலில் நின்ற காரின் நிறம் அந்தக் குறியீட்டோடு பொருந்தாது. அதனால் திறமையானவர்கள் கீறல் விழுந்த கதவில் தொடங்கும் நிறத்தைப் பக்கத்துக் கதவுவரை மெலிதாகக் கரைத்து இழுத்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்துக் கிளியர் அடிப்பார்கள். பார்ப்பவர் கண் எந்த இடத்தில் நிறம் மாறியது என்று பிடிக்க முடியாது. இது கணினி சொல்லித்தராத வேலை. இதற்குக் கொடுக்கும் கூலியை யாரும் பேரம் பேசக் கூடாது.

நிறத்தையே மாற்ற நினைப்பவர் பதிவுச் சான்றை நினைவில் வைக்க வேண்டும். அதில் காரின் நிறமும் பதிந்திருப்பதால், மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும். கீறலைப் பழைய நிறத்திலேயே சரிசெய்ய எந்த அனுமதியும் வேண்டியதில்லை.

பம்பர் தகட்டிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியதும் வேலையைப் பாதித்தது. அம்பாசடரின் குரோம் பம்பரில் உரசினால் உரசிய சுவர்தான் பெயரும். இன்றைய பம்பர் காரின் நிறத்திலேயே பூசப்பட்ட பாலிபுரோப்பிலின். அதில் சாதாரணப் பிரைமர் ஒட்டாது. பிளாஸ்டிக்குக்கென்று உள்ள தனிப் பிரைமரை அடிக்காமல் பூசினால், தண்ணீர் அடித்துக் கழுவும்போதே பூச்சு படலமாக உரிந்து வரும். அவசரத்தில் செய்த பம்பர் வேலையை அடையாளம் காண இதுவே போதும்.

காப்பீடும் பட்டறைகளின் போக்கை மாற்றியிருக்கிறது. விரிவான காப்பீட்டில் பெயிண்ட் பொருளின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பது வழக்கம். பிளாஸ்டிக் பாகங்களுக்கும் அதே பாதி. தேய்மானமில்லாத் திட்டம் வைத்திருப்பவருக்கு இந்தக் கழிவு இல்லை. ஆனால் ஒருமுறை கோரிக்கை வைத்தாலே, 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை ஏறக்கூடிய உரிமைகோராச் சலுகை போய்விடும். கணக்குப் பார்ப்பவர் ஒரு கதவுக் கீறலுக்குக் காப்பீட்டைத் தொடுவதில்லை. உள்ளூர் பெயிண்டரிடம்தான் வருகிறார். பெரிய மோதலுக்கு வண்டி விருதுநகருக்கோ மதுரைக்கோ போய்விடுகிறது. அங்கே தட்டி நிமிர்த்துவதைவிடக் கதவையே மாற்றுவது நடைமுறை. டாலியும் சுத்தியும் பிடிக்கும் டிங்கருக்கு வேலை குறைந்து, பெயிண்டருக்கு மட்டும் வேலை தங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

ஹார்டனர் கலந்து பூசும் இன்றைய பாலியூரித்தேன் கிளியரின் அடிப்படை, ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937-இல் கண்ட வேதிவினை. அந்தக் கிளியர் 1990-களுக்குப் பின் இங்குள்ள பட்டறைகளுக்கும் வந்தது. வெயிலுக்கும் பெட்ரோல் சிந்தலுக்கும் அசையாத பூச்சு அது. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் பூசுபவரின் நுரையீரலுக்குக் கெடுதல். திரும்பத் திரும்பச் சுவாசித்தவருக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடலில் ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். மூக்கில் கட்டும் கைக்குட்டை தூசியைத் தடுக்குமே தவிர இந்த வாயுவைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொடுக்கும் முகக்கவசம்தான் முழுப் பாதுகாப்பு. அதற்கு வசதியில்லாத இடத்தில் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடியாவது வேண்டும். பழைய பூச்சைத் தேய்க்கும்போது எழும் ஈயத் தூசியும் கெடுதல்தான். ஈயத்துக்கு எதிரான இந்திய விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பயன்படும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அது. வண்டிப் பெயிண்ட் அந்த விதிக்குள் வரவில்லை. பழைய பூச்சைச் சுரண்டும் பையனுக்கும் கன் பிடிக்கும் பெயிண்டருக்கும் அதே பாதுகாப்பைச் சட்டம் தர வேண்டும். அதுவரை, காரை வேலைக்கு விடுபவர்கள் முகமூடிக்கான செலவையும் கூலியோடு சேர்த்துக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு பூசச் சொல்ல வேண்டும்.